முருகனிடம் கேட்டதை நீதிபதியிடம் சொல்வதா?

1

நேற்றுக் காலை பாறணை முடித்தேன். கந்தசஷ்டி ஆறு நாளும் பகலில் ஒன்றும் இல்லாமல், இரவில் ஒரு தம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமுமாக ஓட்டியாயிற்று. ஏழாம் நாள் விடியக் குளித்துச் சமைத்து, உறைபெட்டியில் கல்லாகக் கிடந்த வாழையிலையைச் சுடுதண்ணீரில் இளக்கிப் படைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். எதிர்க் கதிரையில் இருந்த என் கணவர் சோற்றைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இந்த முறை என்ன நேர்ந்தனீர்?"

"சொல்லக்கூடாது."

"என்ரை சுகருக்கோ?"

"பருப்பை இஞ்சாலை தள்ளுங்கோ."

கலியாணம் கட்டிய நாள் தொட்டு நான் பிடிக்கும் ஒவ்வொரு விரதமும் தன்னுடைய இரத்தச் சர்க்கரைக்காகத்தான் என்று இவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அந்தத் தைரியத்தில் ஒவ்வொரு விரதம் முடிந்த கையோடும் லட்டு சாப்பிடுகிறார்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் லட்டு இல்லை. ஊரில் இருக்கும் என் பள்ளித் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "எடியே, உங்கை சிட்னியிலை ஒரு பொடியன் மறியலுக்குள்ளை இருந்து சஷ்டி பிடிச்சு, அரசாங்கத்துக்கு மேலை வழக்குப் போட்டு, கோடிக்கணக்கிலை காசு எடுத்தவனாம். தீர்ப்புச் சொன்ன வெள்ளைக்காரப் பொம்பிளை நீதிபதியும் இப்ப விரதம் பிடிக்கிறாவாம். உண்மையோ?"

பொடியன் உண்மை. வழக்கு உண்மை. கோடி பொய். நீதிபதி விரதம் பிடிக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. ஆளைப் பார்த்தால் காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர் என்றுதான் தோன்றியது. இந்தக் கதை இன்னும் இரண்டு ஊர் தாண்டினால் முருகனே மயிலில் வந்து சாட்சிக்கூண்டில் ஏறியதாக ஆகிவிடும். அதற்குள் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

2

எனக்கு வேலை இரத்தம் எடுப்பது. வென்ட்வேத்வில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பரிசோதனை நிலையத்தில் காலை கதவைத் திறந்ததும் வரிசையில் நிற்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "சாப்பிடாமல் வந்தீர்களா?" என்பதுதான். கிரேக்கர், லெபனானியர், சீனர், நம்மவர் என்று எல்லாரையும் பட்டினி போட்டுத்தான் என் பிழைப்பு நடக்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்தவர்களைத்தான் இந்த நாட்டில் குற்றவாளிபோலத் திருப்பி அனுப்புவோம். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடிவரவுத் தடுப்பு முகாமுக்குப் போய் உள்ளே இருக்கும் நம் பிள்ளைகளைப் பார்ப்பேன். பெரிய சேவை மனப்பான்மை என்று நினைக்க வேண்டாம். தொடங்கும்போது கோயிலிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் போனோம். பிறகு ஒருவருக்கு முழங்கால் வலி வந்தது, ஒருவருக்குப் பேரப்பிள்ளை வந்தது, ஒருவர் கிளென் வேவர்லியில் நல்ல பள்ளிக்கூடம் என்று குடும்பத்தோடு மெல்பனுக்குப் போய்விட்டார். நிற்பாட்டுவதற்கு நல்ல சாட்டு ஒன்றும் கிடைக்காமல் நான் மட்டும் மிஞ்சினேன்.

உள்ளே போவது லேசு இல்லை. முதலிலேயே இணையத்தில் பதிய வேண்டும். கைப்பையைப் பூட்டி வைக்க வேண்டும். உள்ளங்கையில் போதைப்பொருள் இருக்கிறதா என்று ஒரு துணியால் துடைத்துப் பார்ப்பார்கள். என் கையில் எப்போதும் பெருங்காயம்தான் இருக்கும். வீட்டுச் சாப்பாடு கொண்டுபோக முடியாது, கடையில் வாங்கிச் சீல் உடைக்காத பெட்டி மட்டும்தான். வெறுங்கையோடு ஒருவரைப் பார்க்கப் போகிற பழக்கம் நமக்கு இல்லாததால் வாரம் தவறாமல் பிஸ்கட் கொண்டுபோவேன்.

"அக்கா, இனி பிஸ்கட் வேண்டாம். என்ரை அறையிலை கடை போடலாம்" என்றவர்தான் குகன். முழுப்பெயர் குகதாசன். முப்பது கடந்தவர். படகில் வந்து, வெளியே விடப்பட்டு, மெல்பனில் நோபல் பார்க்கில் குடியிருந்து, கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்து, மாலினியைக் கலியாணம் கட்டி, ஒரு பெண்பிள்ளைக்குத் தகப்பனும் ஆனவர். பிள்ளை தவழத் தொடங்குவதற்கு முன் தற்காலிக விசா முடிந்துபோயிற்று. புதுப்பிக்கக் கொடுத்த விண்ணப்பம் எந்த மேசையில் தூங்கியதோ, ஆளைக் கொண்டுவந்து சிட்னியில் அடைத்துவிட்டார்கள். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மாலினியால் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு நினைத்தபடி விமானம் ஏற முடியாது. ஆகவே குடும்பம் நடந்தது கைப்பேசிக் காணொளியில்.

அதில் ஒரு சின்னச் சிக்கல். நம் வீடுகளில் கைப்பேசித் திரையில் யார் முகம் வந்தாலும் பிள்ளையைப் பிடித்து முன்னே நிறுத்தி, "அங்கிளுக்கு ஹலோ சொல்லு" என்போம். பெரியப்பாவும் அங்கிள், காப்புறுதி முகவரும் அங்கிள். மகள் நிலானிக்கு மூன்று வயதானபோது அவளும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். திரையில் வருகிற ஆண்கள் எல்லாரும் அங்கிள்.

"நேற்று எனக்கும் 'ஹாய் அங்கிள்' எண்டுட்டாள், அக்கா" என்று குகன் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இருவரும் சிரிக்கவில்லை. நான் இன்னொரு பிஸ்கட் பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன்.

3

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஐப்பசியில், சிட்னி வீதியெல்லாம் ஜக்கரண்டாப் பூ ஊதா நிறத்தில் கொட்டிக் கிடந்த நேரம், குகன் சொன்னார்: "இந்த முறை நானும் சஷ்டி பிடிக்கப் போறன், அக்கா."

"நல்லது தம்பி. என்ன நேர்ந்தனீர்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு, "வேண்டாம், சொல்லாதையும்" என்று நானே தடுத்தேன். முருகனிடம் வைத்த நேர்த்தியை வெளியே சொன்னால் பலிக்காது. இது நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, பல் முளைக்கும்போதே தெரியும்.

அந்த முகாமில் சாப்பாட்டு மண்டபத்துக்குள் போகும்போது அட்டையை ஒரு கருவியில் காட்ட வேண்டும். குகனின் அட்டை மூன்று நாளாக மண்டபப் பக்கமே போகவில்லை. இரவில் பாலும் என் பிஸ்கட்டுமாக இருந்தார். நான்காம் நாள் தாதி ஒருவர் வந்து விசாரித்தார். அந்த உரையாடலைக் குகன் எனக்கு நடித்தே காட்டினார்.

ஏன் சாப்பிடவில்லை? சும்மா. உடம்புக்கு என்ன? ஒன்றுமில்லை. யார்மீதாவது கோபமா? இல்லை. ஏதாவது வேண்டுமா? உங்களிடம் ஒன்றும் வேண்டாம்.

விரதம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் விரதம் என்றால் எதற்கு என்று கேட்பார்கள். எதற்கு என்று சொன்னால் எல்லாம் வீண். இந்த ஒழுங்கில் யோசித்துத்தான் மனிதர் வாயை மூடிக்கொண்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

விசா இழுபடுகிறது, சாப்பிடவில்லை, காரணமும் சொல்லவில்லை. முகாமை நடத்துகிறவர்கள் கணக்கைக் கூட்டிப் பார்த்து, இது போராட்டம் என்று எழுதிவிட்டார்கள். தனக்குத் தானே தீங்கு செய்யக்கூடியவர் என்று கண்காணிப்பு அறையில் தனியாகப் போட்டார்கள். இடுப்புப் பட்டி, சப்பாத்துக் கயிறு எல்லாவற்றையும் எடுத்தார்கள். கண்ணாடி போட்டிருந்ததால் முருகன் படத்தையும் எடுத்தார்கள்.

ஏழாம் நாள் விடிய, குகன் குளித்துவிட்டுக் கதவைத் தட்டிச் சோறும் பருப்பும் கேட்டார். காலையில் சோறு கிடையாது என்று கோர்ன்ஃபிளேக்ஸ் கொடுத்தார்கள். அவர் கிழக்கே பார்த்து உட்கார்ந்து, கும்பிட்டுவிட்டு, கோர்ன்ஃபிளேக்ஸில் பாறணை முடித்தார். சாப்பிட்ட பிறகும் மூன்று வாரம் அந்த அறையை விட்டு விடவில்லை.

அறையைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது அடுத்தது. அவரை நோபல் பார்க்குக்கு அனுப்பி வீட்டில் இருக்கவிடும் பேச்சு அந்த நேரத்தில் முடிகிற கட்டத்தில் இருந்தது. 'உணவு மறுத்துப் போராடியவர், தனக்குத் தீங்கு செய்யக்கூடியவர்' என்ற ஒரு வரி கோப்பில் ஏறியதும் அந்தப் பேச்சு அப்படியே நின்றது. அந்த வரி அழியும் வரைக்கும் குகனுக்கு வீடு இல்லை.

4

ரேச்சல் என்ற இளம் சட்டத்தரணி சம்பளமில்லாமல் வழக்கை எடுத்தாள். பால், முட்டை, தேன்கூடத் தொடாத பிள்ளை, சாமி நம்பிக்கை மட்டும் கிடையாது. "சமயத்தைக் கடைப்பிடித்த மனிதரைத் தனி அறையில் அடைத்தது சட்டப்படி பிழை, அந்தப் பதிவு திருத்தப்பட வேண்டும்" என்று பெடரல் நீதிமன்றத்தில் மனுப் போட்டாள். பிறகு என்னிடம், "உங்கள் கோயிலிலிருந்து இந்த விரதத்தின் விதிகளை எழுதி ஒரு கடிதம் மட்டும் வாங்கித் தாருங்கள்" என்றாள். மட்டும் என்று சொன்னாள், பாவம்.

எங்கள் கோயிலின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த பொதுக்கூட்டத்தில் எனக்குக் கதிரை கிடைக்காது. நிர்வாகசபை அப்போது இரண்டு பிரிவாக இருந்தது. தலைவர் பிரிவு, தண்ணீர் மட்டும்தான் என்று கடிதம் தந்தது. அதைக் கேள்விப்பட்டவுடன் செயலாளர் பிரிவு, பாலும் பழமும் எடுக்கலாம் என்று இன்னொரு கடிதம் தந்தது. வீட்டில் என் கணவர், இரு பிரிவுக்கும் ஒன்றும் தெரியாது என்று சொல்லித் தான் ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார்.

சென்னையிலிருந்து வந்த பக்கத்து வீட்டு ராஜி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எங்க வீட்ல ஒரு வேளை சாப்பிடுவோம் சுகந்தி. பட்டினி கெடந்து மயக்கம் போட்டு விழுந்தா முருகன் சந்தோஷப்படுவாரா என்ன?" என்றாள். அதையும் ஒரு கடிதமாக வாங்கிக்கொண்டேன்.

என் மகள் அபி, இருபத்திரண்டு வயது, ஒரு நாளைக்குப் பதினாறு மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடுவதில்லை. கைப்பேசியில் ஒரு செயலி மணி அடித்தால்தான் வாயைத் திறப்பாள். எல்லாக் கடிதங்களையும் வாசித்துவிட்டு, "அம்மா, திஸ் இஸ் ஜஸ்ட் இன்டர்மிட்டன்ட் பாஸ்டிங்" என்றாள்.

"விரதத்துக்கு முருகன் வேணும், பிள்ளை."

"மைன் இஸ் ப்ரீ" என்றாள்.

ரேச்சல் கடிதங்களை மேசையில் பரப்பி வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சுகந்தி, இது ஒரே சமயம்தானா?" என்று கேட்டாள். ஒரே சமயம், ஒரே முருகன், ஆட்கள்தான் வேறு வேறு என்றேன். அவள் தலையை ஆட்டி, இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது என்றாள். அவர் எதற்காக விரதம் இருந்தார்? அதைச் சொல்லாவிட்டால், விசாவுக்காகத்தான் என்று எதிர்த்தரப்பு சொல்லும். விசாவுக்காகச் சாப்பிடாமல் இருப்பதற்குப் பெயர் போராட்டம்.

அடுத்த ஞாயிறு குகனிடம் கேட்டேன். அவர் என்னை ஏதோ துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அக்கா, சொன்னால் பலிக்காது எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும் தம்பி. ஆனால் சொல்லாட்டி வழக்குப் போயிடும்."

"வழக்குப் போனால் இஞ்சை இருப்பன். நேர்த்தி போனால் பிறகு வெளியிலை போயும் என்ன?"

ரேச்சலுக்கு இதை விளக்க எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். "பிறந்தநாளுக்கு மெழுகுதிரி ஊதும்போது மனதில் ஒன்று நினைப்போமே, அதை யாருக்கும் சொல்லக்கூடாது, அதுபோலவா?" ஓம், அதேதான், ஆனால் கேக் இல்லை என்றேன்.

5

நீதிமன்றம் நகரத்தின் நடுவில் உயரமான கட்டடத்தில். அபிதான் காரில் கொண்டுபோய், எங்களோடு உள்ளேயும் வந்தாள். வாசலில் நுழைகிறவர்கள் நீதிபதியைப் பார்த்துத் தலைகுனிய வேண்டும் என்று ரேச்சல் சொல்லியிருந்தாள். என் கணவர் தலை குனிந்ததோடு நிற்காமல் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, பழக்கதோஷத்தில் சப்பாத்தையும் கழற்றப் பார்த்தார். நான் முதுகில் இடித்து உள்ளே தள்ளினேன்.

குகனை முகாமிலிருந்து கொண்டுவரப் பிந்தியதால் முதலில் எங்களைக் கூப்பிட்டார்கள். சஷ்டிக்கு முந்தின ஞாயிறே விரதம் இருக்கப் போவதாக என்னிடம் சொன்னார் என்று நான் சொன்னேன். குடிவரவுத் திணைக்களத்தின் சட்டத்தரணி நெட்டையான, மரியாதையான மனிதர். சாப்பிடாமல் இருந்தால் உடம்புக்கு என்ன நடக்கும் என்று தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியும், தினமும் காலையில் ஆட்களைச் சாப்பிடாமல் வரச்சொல்வதுதான் என் வேலை, இதுவரைக்கும் ஒருவரையும் அறையில் அடைத்ததில்லை என்றேன். நீதிபதி எதையோ எழுதினார். நான் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

அடுத்தது இவர். வழக்க முறைகளை விளக்கும் சாட்சி. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், என் ஆங்கிலம் போதும் என்று கழுத்துப்பட்டியை இறுக்கிக்கொண்டு ஏறினார்.

"இந்த விரதத்தில் பால் குடிக்கலாமா?"

"குடிக்கலாம்."

"தேநீர்?"

"அது ஆளைப் பொறுத்தது."

"பிஸ்கட்?"

இவர் யோசித்தார். யோசித்திருக்கக் கூடாது. "முட்டை போடாத பிஸ்கட் என்றால், இரவில் என்றால், அதிகம் இல்லை என்றால்..."

"அப்படியானால் விதி என்று ஒன்று இல்லை?"

"விதி இருக்கிறது. எங்கள் எல்லாரிடமும் இருக்கிறது."

ரேச்சல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்கள் கடைசியாக எப்போது இந்த விரதத்தை இருந்தீர்கள்?"

"நான் இருப்பதில்லை. எனக்கு நீரிழிவு. என் மனைவி எனக்காக இருப்பார்."

நெட்டை மனிதர் கொஞ்சம் தடுமாறினார். "உங்களுக்காக உங்கள் மனைவி பட்டினி கிடப்பாரா?"

"அதுதான் எங்கள் வழக்கம். ஒருவருக்காக இன்னொருவர் இருக்கலாம்."

நீதிபதி முதன்முறையாகக் குறுக்கிட்டார். "பலன் யாருக்கு?"

"எனக்கு, யுவர் ஆனர்" என்றார் இவர், சந்தோஷமாக.

நீதிபதி கண்ணாடியை இறக்கி, பின்வரிசையில் இருந்த என்னைத் தேடிப் பார்த்தார். அறுபது வயது இருக்கும். இரண்டு குடும்பப் பெண்கள் பேசிக்கொள்ள வேண்டியதெல்லாம் அந்த ஒரு பார்வையிலேயே பேசி முடித்தோம்.

6

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு குகனைக் கொண்டுவந்தார்கள். யாரோ கொடுத்த கோட், இரண்டு அளவு பெரிது. இரண்டு பக்கமும் காவலர்கள். நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருந்தது. மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுப் பையன், குகனின் யாழ்ப்பாணப் பேச்சுக்குக் காதை நன்றாகத் தீட்டிக்கொண்டு நின்றான்.

நெட்டை மனிதர் நேரே வந்தார். ஆறு நாளும் நீங்கள் உணவு மண்டபத்துக்குப் போகவில்லை, சரியா? ஓம். அதற்கு ஒரு நோக்கம் இருந்ததா? ஓம். ஒன்றைப் பெறுவதற்காகச் சாப்பிடாமல் இருந்தீர்கள்? ஓம். விசாவைப் பெறுவதற்காக?

குகன் நீண்டு தொங்கிய கோட்டுக் கையை மடித்துவிட்டார்.

"பதில் சொல்லுங்கள். விசாதானே?"

குகன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? சொல்லும் என்று தலையாட்டினால் அவருடைய நேர்த்தியை நான் கெடுத்தவளாவேன். வேண்டாம் என்றால் வீட்டைக் கெடுத்தவளாவேன். நான் என் கைப்பையைத் திறந்து ஒன்றுமில்லாததைத் தேடினேன்.

நீதிபதி மெதுவாகச் சொன்னார், உங்களை வற்புறுத்தவில்லை, ஆனால் நான் ஒரு முடிவுக்கு வர வேண்டும், அதற்கு நான் உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்று. பையன் அதைத் தமிழில் சொன்னான். குகன் தண்ணீர் கேட்டார். முழுத் தம்ளரையும் குடித்தார்.

"என்ரை மகள் என்னை அங்கிள் எண்டு கூப்பிடுறாள். அப்பா எண்டு கூப்பிட வேணும். அதைத்தான் நேர்ந்தனான்."

பையன் மொழிபெயர்த்தான். 'அங்கிள்' என்ற சொல்லுக்கு மட்டும் அவன் தேவைப்படவில்லை.

நெட்டை மனிதர் நல்ல மனிதர்தான், ஆனால் வாங்கிய சம்பளத்துக்கு வேலை செய்ய வேண்டுமே. "விசா கிடைத்தால் மகளோடு இருக்கலாம். ஆகவே இரண்டும் ஒன்றுதானே?" என்றார்.

"இல்லை சேர்" என்றார் குகன். "விசாவை நான் உங்களிட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன். போர்ம் நிரப்பிக் கேட்டனான், கடிதம் போட்டுக் கேட்டனான். அதுக்கு ஏன் முருகனை ஆக்கினைப்படுத்துவான்? இது நீங்கள் தர ஏலாத சாமான். அதாலைதான் அவரிட்டைக் கேட்டனான்."

நெட்டை மனிதர் வேறு கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார்.

வெளியே நடைபாதையில் குகனைக் கூட்டிக்கொண்டு போகும்போது காவலர் ஒரு நிமிடம் நிற்க விட்டார். ரேச்சல் அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வெண்டிடுவீர் தம்பி" என்றேன் நான்.

"வெல்லுவன்போலத்தான் கிடக்கு" என்றார் குகன். "ஆனால் நேர்த்தி போச்சு, அக்கா. இத்தினை சனத்துக்கு முன்னாலை சொல்லிப் போட்டன்."

நானும் அதைத்தான் நினைத்தேன்.

காரில் வீடு திரும்பும்போதும் அபிதான் ஓட்டினாள். பரமட்டா தாண்டியதும் கேட்டாள். "அம்மா, டிட் யு எவர் டூ இட் பார் மீ?"

"சொல்லக்கூடாது."

"மை எச்எஸ்சி எக்ஸாம்?"

"சொல்லக்கூடாது எண்டெல்லோ சொல்லுறன்."

அன்றைக்குச் செயலி மணி அடிப்பதற்கு முன்னாலேயே என்னோடு உட்கார்ந்து இடியப்பம் சாப்பிட்டாள்.

7

தீர்ப்பு நீளமானது. ரேச்சல் எனக்குப் பொருளைச் சுருக்கிச் சொன்னாள். கேட்டதை யாராலும் கொடுக்க முடியாதபோது, கேட்டதே யாருக்கும் தெரியாதபோது அது போராட்டமாகாது. விரதத்தின் விதியில் பக்தர்கள் சண்டை போடுவதே அது உயிரோடிருக்கும் வழக்கம் என்பதற்கு அடையாளம். ஆசையை வெளியே சொல்லக்கூடாது என்பதை மெழுகுதிரி ஊதும் எந்தக் குழந்தையும் அறியும். அறையில் அடைத்தது பிழை, அந்த வரி அழிக்கப்பட வேண்டும். விதி எங்கள் எல்லாரிடமும் இருக்கிறது என்று தான் சொன்னதைத்தான் நீதிபதி எடுத்திருக்கிறார் என்று என் கணவர் இன்றுவரைக்கும் கோயிலில் சொல்லித் திரிகிறார். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

வரி அழிந்தது. சில மாதம் சென்று, இந்த வருடம் ஆடியில், எங்கள் குளிர்காலத்தில், தற்காலிக விசாவும் வந்தது. குகன் நோபல் பார்க்கில் வீட்டுக் கதவைத் தட்டினார். நிலானி திறந்து பார்த்து, "மம்மி, அங்கிள் இஸ் ஹியர்" என்றாள்.

மாலினி சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். சொல்லச் சொல்லப் பிள்ளைக்குப் பிடிவாதம் கூடியது. "அங்கிள் எப்ப தன்ரை வீட்டை போவார்?" என்று ஒரு நாள் கேட்டாளாம். நல்ல தமிழில் கேட்டாள் என்பது மட்டும் ஒரு திருப்தி. குகன் என்னோடு கிழமைக்கு ஒருதரம் பேசுவார். "கோர்ட்டிலை சொல்லிப் போட்டன் அக்கா, இனி முருகனும் கை வைக்க மாட்டார்" என்பார். வழக்கு வென்ற மனிதரின் குரலாக அது இருக்காது.

அப்போதுதான் எனக்கு என் கணவருடைய சாட்சியம் ஞாபகம் வந்தது. ஒருவருக்காக இன்னொருவர் இருக்கலாம். சத்தியம் செய்து சொன்னது, பெடரல் நீதிமன்றப் பதிவில் இருக்கிறது, எதிர்த்தரப்பும் மறுக்கவில்லை. குகன் சொன்னதால் குகனுடைய நேர்த்திதான் கெட்டது. நான் இன்னும் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லையே.

ஆகவே இந்த வருடம் வாயை மூடிக்கொண்டு விரதம் பிடித்தேன். வெறும் வயிற்றோடு நின்று மற்றவர்களின் வெறும் வயிற்று இரத்தத்தை எடுத்தேன். இவர் தன் சர்க்கரைக்கென்று நினைத்துக்கொண்டார், அபி செயலியை இறக்கித் தரட்டுமா என்று கேட்டாள், குகனுக்கும் மூச்சு விடவில்லை. இப்போது எழுதுவது ஏனென்றால், பலித்த பிறகு சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன். அப்படி இல்லையென்றால் விதி தெரிந்தவர்கள் கடிதம் போடுங்கள். எப்படியும் மூன்று விதமாக எழுதுவீர்கள். இவர் இதை வாசித்தால் இந்த வருடம் தன் சர்க்கரைக்கு ஒருவரும் காவல் இருக்கவில்லை என்று தெரிந்துவிடும். லட்டுப் பெட்டியை இப்போதே ஒளித்துவிட்டேன்.

ஆறாம் நாள் பின்னேரம். கோயிலில் சூரன்போர் பார்க்கப் புறப்பட்டுச் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது குகன் எடுத்தார். தொழிற்சாலையில் பழைய வேலையே கிடைத்த கதை, மேலாளருக்கு முன்பல் விழுந்த கதை என்று நீட்டிக்கொண்டே போனார். பின்னால் ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிடும் சத்தம். பூங்காவில் நிற்கிறார்போல. சங்கிலிச் சத்தம் நின்றது. அடுத்ததாக ஒரு சின்னக் குரல், நல்ல கோபத்தோடு:

"அப்பா! போனை வையுங்கோ! யு ப்ராமிஸ்ட்! வந்து தள்ளுங்கோ!"

மேலாளரின் பல் கதை பாதியில் அறுந்தது. என் கையில் சேலைத் தலைப்பு அப்படியே நின்றது.

"அக்கா," என்றார் கடைசியில், "கேட்டதோ?"

"கேட்டது தம்பி."

"ஏசுறாள் அக்கா."

"ஏசட்டும். போய்த் தள்ளும்."

அந்த முகாமிலிருந்து பேசிய நாளிலும் சரி, வெளியே வந்த பிறகும் சரி, "வைக்கிறன் அக்கா, கவனம் அக்கா, அண்ணையைக் கேட்டதாச் சொல்லுங்கோ" என்று முழுப் பாட்டும் பாடாமல் குகன் ஒரு நாளும் கைப்பேசியை வைத்ததில்லை. அன்றைக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் வைத்துவிட்டு ஓடினார்.